வாழைச்சீப்புக்கு ஓர் இருக்கை

1

நான்கு எலுமிச்சம்பழத்தை நான்கு சக்கரங்களுக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டால் கார் பத்திரமாக ஊர் போய்ச் சேரும் என்று நம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. விழுப்புரத்தில் பிறந்தவள். தம்பிக்குத் திண்டிவனத்தில் பெண் எடுத்தோம். இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனையோ முறை பழம் நசுங்குவதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகையால் நான் கொஞ்சம் வாய் நீளமாகப் பேசினாலும், நம் வீட்டுப் பெண்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. வருஷத்தில் பாதி நாள் பனி. இங்குள்ள ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் பதிவேடு எழுதுகிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வேலையும் உண்டு. குழந்தை பெற்று வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் காரில் குழந்தை சீட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் மன்றாட வேண்டும்.

குழந்தை சீட் என்பது பிளாஸ்டிக்கில் செய்த குழிந்த நாற்காலி. உள்ளே பஞ்சு மெத்தை. குழந்தையை அதில் சாய்த்துப் படுக்கவைத்துத் தோள் இரண்டிலும் வாரைப் பூட்டி, அந்த நாற்காலியைக் காரின் சீட்டோடு பெல்ட்டால் இழுத்துக் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இங்கே இப்போது இதற்குச் சட்டமே வந்துவிட்டது.

வெள்ளைக்காரர்கள் என்றால் இதையெல்லாம் ஒரு சொல் பேசாமல் செய்துவிடுவார்கள் என்று ஊரில் நினைப்பீர்கள். அவ்வளவு மரியாதை அவர்களுக்குத் தேவையில்லை. போன மாதம் ஒருவர், "என் அப்பா என்னைப் பின்கண்ணாடிக்குக் கீழே படுக்கவைத்து நாடு முழுக்க ஓட்டினார். நான் செத்தா போய்விட்டேன்?" என்று சண்டைக்கு வந்தார். செத்துப்போனவர்கள் யாரும் என்னிடம் வந்து இப்படிக் கேட்பதில்லை என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. இன்னொரு அம்மாள் நல்ல சீட் ஒன்றை வாங்கி, அதன் மெத்தை அழுக்காகிவிடும் என்று டிக்கியில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியின் லட்சணமும் அதுதான். ஒரு குழந்தைக்கு மூன்று படிவம், மூன்றிலும் ஒரே கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன் தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் துண்டறிக்கையை உங்கள் இந்தியன் மொழியில் எழுதிக் கொடு" என்றாள். இந்தியன் என்று ஒரு மொழி இல்லை என்று விளக்குவதற்குள் பகல் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தலைகீழாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நானும் திருப்பி ஒட்டவில்லை. படிக்க ஆள் வரட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

2

போன வாரம் ஆள் வந்தது. பாஸ்கர் என்று ஒரு பையன், இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். மனைவி உமா. முதல் குழந்தை, பெண். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது பார்த்தால் காரில் சீட் இல்லை. சீட் மட்டுமா? குழந்தைக்கு ஒரு சட்டை இல்லை, ஒரு போர்வை இல்லை. ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

தலைமை நர்ஸ் என்னைத் தனியே இழுத்தாள். "ஒன்பது மாதமாக இவர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?"

என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பிறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்கக் கூடாது என்று ஊரிலிருந்து அம்மா கடிதம் போட்டிருப்பாள். நானும் அருண் பிறந்தபோது அப்படித்தான் கையை வீசிக்கொண்டு வந்து படுத்தேன். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "மதக் காரணம்" என்று சொல்லிவைத்தேன். அவள் அதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டாள். ஆக, நம்முடைய மதம் குழந்தை சீட்டுக்கு எதிரானது என்று இந்த ஊர்க் கோப்பில் இப்போது ஏறியிருக்கிறது. மூன்று பிரதிகளில்.

பாஸ்கர் அதற்குள் பொறுமை இழந்து உமாவிடம் தமிழில் சலித்துக்கொண்டான். "பத்து நிமிஷத்து வழி. நீ மடியில வச்சிக்கினு வந்துடுவ, நான் ஸ்லோவா ஓட்டிக்கினு போவப்போறேன். இதுக்குப் போயி இன்னா பேஜாரு பண்றாங்க பாரு."

"எந்த ஊர்ப்பா?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினான். "திண்டிவனம்ங்க. மேடம் தமிழா?"

"விழுப்புரம்."

"அடடா! அக்கா, அப்ப நீங்களே சொல்லுங்கக்கா. ஒரு கையெழுத்துதான. போட்டுட்டு வுட்டுருங்க."

பார்த்தீர்களா? மேடம் அக்காவாக ஒரு நொடி, அக்கா கையெழுத்தாக இன்னொரு நொடி. ஊர்க்காரி ஒருத்தி கிடைத்துவிட்டால் சட்டம் எதற்கு? இதே பையன் இங்கே ராத்திரி ஆளில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்று போகிறவனாகத்தான் இருப்பான். பயமெல்லாம் போலீசுக்கு. பெற்ற பிள்ளைக்கு ஊர்ப்பாசம் போதும்.

"ரெண்டு பேரும் ஒக்காருங்க. இங்க எரவலுக்குச் சீட்டு இருக்குது, எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குப் போனேன். அலமாரியில் சீட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றை இறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த மாசியோடு ஆறு வருஷம்.

3

எண்பதுகளின் தொடக்கம். தம்பி தணிகாசலத்துக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று வான்கடிதம் வந்தது. பெண். தேன்மொழி என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் குழந்தையைத் தாய்வீட்டிலிருந்து தகப்பன் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு. எங்கள் பக்கம் அந்தப் பயணத்தில் குழந்தை அத்தை மடியில்தான் வர வேண்டும். அத்தை கையில்தான் வாசற்படி தாண்ட வேண்டும். அந்த அத்தை நான். லீவு போட்டுக் கிளம்பினேன்.

அருணுக்கு அப்போது மூன்று வயது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது உட்கார்ந்த சீட்டையும் தூக்கிக்கொண்டேன். அப்போதே ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பயிற்சி என்ற பெயரில் ஒரு படம் காட்டியிருந்தார்கள். ஒரு பொம்மையை ஒருவர் மடியில் வைத்துக் காரைச் சுவரில் மோதவிடுவார்கள். அந்தப் பொம்மை போன போக்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நானும் மறக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, மிஷினா?"

"கொழந்த சீட்டுங்க. கார்ல வைக்கறது."

"கார்லதான் சீட்டு இருக்குமே. சீட்டுக்குள்ள எதுக்கு இன்னொரு சீட்டு?"

மெத்தைக்குள் தங்கம் இருக்குமோ என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். தம்பி குழந்தைக்கு என்றால் தீர்வை, ரசீது, கால்கடுக்க நிற்பது. அருணைக் காட்டினேன். அவனுடைய ஒரு தொடைகூட அதில் கொள்ளாது. இருந்தும் அதிகாரி பெருந்தன்மையாகத் தலையாட்டி, என் பாஸ்போர்ட்டில் எழுதி முத்திரை குத்தினார்: குழந்தை நாற்காலி ஒன்று, திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துப் போகாவிட்டால் என்னை விமானம் ஏற விட மாட்டார்களாம். வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

4

நம் ஊர் அம்பாசிடரில் பின்சீட்டுக்கு ஏது பெல்ட்? ராஜவேலு என்ற டாக்சிக்காரரின் வண்டியைப் பேசியிருந்தோம். அவரைக் கெஞ்சி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து வெல்டிங் பட்டறையில் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு வளையம் அடிக்கவைத்தேன். லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற பட்டை வாரை அதில் கோத்தேன். சீட்டில் ஒரு சின்ன மல்லாட்டை மூட்டையை, அதாவது வேர்க்கடலை மூட்டையைக் கட்டி, பிரேக் போடச் சொல்லிப் பார்த்தேன். மூட்டை அசையவில்லை. ராஜவேலுவுக்குத்தான் மனத்தாங்கல்.

"பதினாலு வருஷமா ஓட்டறேன் கோமதிம்மா. ஒரு கோழிய அடிச்சதில்ல. எம்மேல நம்பிக்க இல்லியா?"

வெள்ளிக்கிழமை காலை திண்டிவனம் போய்ச் சேர்ந்தோம். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும். செல்வி, அதாவது தம்பி மனைவி, பட்டுப்புடவையில் குழந்தையோடு வெளியே வந்தாள். அவள் அம்மா காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா கோமதி, வெறுந்தொட்டிலாவா கொண்ணாந்த? நல்ல நாளும் அதுவுமா?"

"தொட்டில் இல்லைங்க, சீட்டு" என்று சொல்லி, குழந்தையை வாங்கி அதில் படுக்கவைத்து வாரைப் பூட்டினேன். குழந்தை வீலென்று அழுதது. எந்தக் குழந்தையும் முதல் தடவை அழும். அருண் ஒரு மாதம் அழுதான். ஆனால் தெருவே கூடிவிட்டது.

"பச்ச மண்ணைக் கட்டிப்போட்டு அழ வைக்கறாங்களே!"

"அமெரிக்காவுல புள்ளைங்கள இப்பிடித்தான் கட்டிவைப்பாங்களாம்."

என் அம்மா என் கையைக் கிள்ளினாள். "மானத்த வாங்காதடி. எடுத்துடு. அத்தன்னு ஒருத்தி இருக்கும்போது புள்ள எதுக்குத் தனியா வரணும்?"

மணி பத்தேகால். தம்பி வாட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வாரைக் கழற்றிக் குழந்தையைத் தூக்கினேன். தூக்கின மாத்திரத்தில் அழுகை நின்றது. என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தது. "பாத்தியா, அத்த வாசன தெரிஞ்சிபோச்சி" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தப் பொம்மைப் படம் நினைவுக்கு வந்தது. வந்தும் பெருமையாகத்தான் இருந்தது.

குழந்தை இல்லாத சீட் இடத்தை அடைக்கிறது என்று அதை மேலே கேரியரில் ஏற்றினார்கள். வெறுமையாகப் போகக் கூடாதென்று செல்வியின் அம்மா அதில் மூன்று சீப்புப் பூவம்பழமும் ஒரு தேங்காயும் மஞ்சளும் வைத்தார். பழம் நசுங்கிவிடாமல் இருக்க, நான் வளையத்தில் கோத்துக் கொண்டுவந்த அதே பட்டை வாரால், தம்பி சீட்டை இழுத்துக் கட்டினான். வாழைப்பழத்தின் தோளிலும் வாரைப் பூட்டினான். அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

கீழே நாங்கள் குழந்தையைச் சேர்த்து ஒன்பது பேர். முன்னால் ராஜவேலு, நடுவில் தம்பி, சன்னலோரம் நான், மடியில் தேன்மொழி. பின்னால் செல்வி, இரண்டு சம்பந்திகள், செல்வியின் சித்தி, அவள் மடியில் அருண். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஒன்று குறைவில்லாமல் எல்லாம் செய்தோம்.

5

கூட்டேரிப்பட்டு தாண்டி, விக்கிரவாண்டியும் தாண்டியாயிற்று. கேப்பை அறுவடைக் காலம். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கதிரடித்துக் கொடுக்கட்டும் என்று சாலையின் பாதி அகலத்துக்குக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். அரசாங்கம் போட்ட நெடுஞ்சாலை நமக்குக் களம். அதில் ஒரு பெண் குனிந்து கதிரைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டதும் ஓரம் போகாமல் குறுக்கே ஓடினாள். ராஜவேலு பிரேக்கை அழுத்தினார். கதிர்மேல் வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் முட்டியது.

பெரிய மோதல் என்று சொல்லிவிட முடியாது. பம்பர் வளைந்தது. விளக்கு உடைந்தது. தம்பிக்கு முழங்காலில் சிராய்ப்பு, அருணுக்கு நெற்றியில் புடைப்பு. சாலையில் நின்றவர்கள் "நல்ல வேள, நல்ல வேள" என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

என் இரண்டு கையும் அணைத்த வாக்கிலேயே இருந்தன. நடுவில் குழந்தை இல்லை.

முன்பலகையில் அடித்துக் கீழே, என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. செல்வி பின்னாலிருந்து இறங்கி வந்து, "புள்ள அழுவுலியே அண்ணி, புள்ள அழுவுலியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ தண்ணீர் தெளித்தார்கள். யாரோ உள்ளங்காலைச் சுண்டினார்கள். ஒரு சின்னச் சிணுங்கலுக்காக அத்தனை பேரும் கதிர்மேல் நின்று காத்திருந்தோம். விழுப்புரத்தில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தம்பியை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

மறுநாள் கேரியரிலிருந்து சீட்டை இறக்கினார்கள். மூன்று சீப்பிலும் ஒரு பழம்கூடக் கன்றிப்போகவில்லை.

6

என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத்தான் இத்தனை வருஷமாகத் தாங்க முடியவில்லை.

"அவ்ளோதான் ஆயுசு" என்றார்கள். மாமா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், துக்கம் கேட்க வந்த வாத்தியார் சொன்னார். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நல்ல கெட்டிக்காரன். அதைச் சொல்லிவிட்டால் வளையம், வார், பிரேக், கேப்பைக்கதிர் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். ராஜவேலுவோ, "வலப்பக்கத்துப் பழம் சரியா நசுங்கல. அப்பவே பாத்தேன்" என்று அழுதார். நான்கு பழத்தில் ஒன்றின்மேல் பழி விழுந்தது. குழந்தையைக் கையில் வைத்திருந்தவள்மேல் விழவில்லை.

நான் கிளம்பும்போது செல்வி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க அண்ணி. கெட்டியாத்தான் புடிச்சிக்கினு இருந்தீங்க. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

ஆமாம், கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். ஊர்க்காரர்களே, நான் சொல்ல வந்ததே இதுதான். நான் கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன்.

மீனம்பாக்கத்தில் வேறொரு அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பேபி சேர் ஒண்ணு... இருக்குதா? காட்டுங்க" என்றார். காட்டினேன். "சரி, போங்க" என்று முத்திரை குத்தினார். கணக்கு நேராகிவிட்டது. கொண்டுபோன சீட்டைக் காலியாகத் திரும்பக் கொண்டுவந்தேன். விபத்தைப் பார்த்த சீட்டை வேறு குழந்தைக்குத் தரக் கூடாது என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. வீட்டு நிலவறையில் கிடக்கிறது. அருணுக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் ஏறக்குறைய மறந்துவிட்டான். பிழையில்லாமல் வருகிற ஒரே வாக்கியம், "பெல்ட் போட்டியா?" அவன் காதில் தினமும் விழுகிற தமிழ் அது ஒன்றுதான்.

அன்றைக்கு இரவல் சீட்டை எடுத்துக்கொண்டு பாஸ்கரின் காருக்குப் போனேன். பனியில் முட்டி போட்டு, பின்சீட்டில் வைத்து, என் எடை முழுவதையும் அதன்மேல் போட்டு பெல்ட்டை இறுக்கினேன். உமா குழந்தையைப் படுக்கவைத்தாள். வாரைப் பூட்டினதும் அது வீலென்று கத்தியது. முகம் சிவந்து, கை காலை உதறி ஒரே அழுகை.

"அக்கா, பாவம்க்கா" என்றான் பாஸ்கர். "வீடு வரைக்கும் மட்டும் அவ தூக்கிக்கட்டுமே. நாளைலேர்ந்து போட்டுக்கறோம்."

உமாவின் கை அதற்குள் வாருக்குப் போய்விட்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"அழுவட்டும்மா. அழுவறது நல்லது. எந்தம்பி பொண்ணு இதே மாதிரி அழுதுதுன்னு நாந்தான் அவுத்துத் தூக்கி மடியில வச்சிக்கினேன். அதுக்கப்புறம் அது அழுவவே இல்ல. விக்கிரவாண்டிகிட்ட நடுரோட்டுல நின்னுக்கினு, அழுவாதான்னு எல்லாரும் காத்துக்கினு இருந்தோம்."

உமா என் முகத்தைப் பார்த்தாள். மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாஸ்கர் முன்னால் போய் உட்கார்ந்து தன் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டான். கதவைச் சாத்தினேன். மூன்று படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

கார் நகர்ந்தது. கண்ணாடியை ஏற்றியும் அழுகை வெளியே கேட்டது. தெருமுனை திரும்பும்வரை கேட்டது. கோட்டைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் பனியில் நின்று, அது காதில் விழுகிற கடைசி நொடிவரை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.